மழை விட்ட வாரம்தான் நுளம்புக்கு வாரம்

டெங்கு நுளம்பை நினைத்தால், அடைமழையைவிட, மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் வாரத்துக்குத்தான் நான் பயப்படுவேன். கொட்டுகிற மழை குடம்பிகளை, அதாவது நுளம்புப் புழுக்களை, அடித்துக்கொண்டு போய்விடும். விட்டுவிட்டுப் பெய்வதுதான் தேங்கி நிற்கும். வெப்பமான நாட்களில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். நுவரெலியாக் குளிரில் இது மெதுவாக நடக்கும். கண்டி, கம்பளைப் பக்கம் வேகம் அதிகம்.

ஆகவே மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியதும், அப்புறம் தீபாவளியை ஒட்டிய மழையிலும், தேங்கிய தண்ணீரை அகற்றவென்றே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அது ஞாயிறு காலை. கூரைப் பீலியில் அடைத்த சருகை அள்ளுங்கள். கூரைத் தகரத்துக்குப் பாரமாகப் போட்ட டயர்களை மறக்கவே வேண்டாம், துளை போட்டுவிடுங்கள்.

பீப்பாவைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பெப்ரவரி, மார்ச் வறட்சியில் தண்ணீர் சேமிக்கிறோமே, அப்போதும் பீப்பாவைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம், பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும்.