ஹோல்கா லென்ஸை வசப்படுத்துவது எப்படி

ஹோல்கா 120N ஃபிலிம் கேமராவில் இருப்பது 60 மி.மீ. ஒற்றைப் பிளாஸ்டிக் வில்லை. அது தரும் பிம்பம் வளைந்த பரப்பில் விழுகிறது, ஃபிலிமோ தட்டையானது. அதனால்தான் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் குழைந்தும் வருகின்றன. ஆகவே முகம் எடுக்கும்போது கண்களை நடுவில் வையுங்கள். மரக்கிளை, புல்வெளி ஓரத்துக்குப் போகட்டும்; அங்கே அந்தக் குழைவு அழகு.

படத்தின் மூலை இருட்டு பிடித்தால், கேமராவுக்குள் ஃபிலிமுக்கு முன்னால் செருகும் 6×6 செ.மீ. சட்டம். பிடிக்காவிட்டால் 6×4.5 சட்டம், மங்கிய பக்கங்கள் வெட்டுப்படும். பின்மூடியின் அம்புக்குறியையும் அதற்கேற்ப 12 படம் (6×6) அல்லது 16 படத்துக்கு (6×4.5) தள்ளுங்கள். மறந்தால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அல்லது இடையில் ஃபிலிம் வீணாகும்.

லென்ஸ் வளையத்திலுள்ள ஃபோகஸ் படக்குறிகள்: ஒருவர் சுமார் 1 மீட்டர், மூவர் 2, கூட்டம் 6, மலை 10-க்கு மேல். கிட்டத்தில்தான் பிழை பளிச்செனத் தெரியும். ஒரு மீட்டரை நாடாவால் அளந்துவிடுங்கள். சாதாரண (N) நிலையில் ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/100 நொடி. வெயிலுக்கும் லேசான மேகத்துக்கும் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போதும்.

கழுவிய நெகட்டிவில் கருங்கறை இருந்தால் உற்றுப் பாருங்கள். கறை படத்தின் எல்லையைத் தாண்டி ஃபிலிம் விளிம்புவரை ஓடினால் உடலில் ஒளிக்கசிவு: பக்கக் கொக்கிகள், மூடி விளிம்பு, படஎண் தெரியும் சிவப்புச் சாளரம் மூன்றிலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். படத்துக்குள்ளேயே நின்றால் பெரும்பாலும் ஒளி லென்ஸ் வழியே வந்தது. டேப் உதவாது, சூரியனை விட்டுச் சற்றுத் திரும்புங்கள்.

ரோல் தளர்வாகச் சுற்றினாலும் விளிம்பில் ஒளி ஏறும். புது ரோலின் அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் இறுக்கம் நிற்கும்.