கூண்டை இறக்கும் முன்பே தொடங்குங்கள்: கடல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் கூண்டுகளைக் கடலில் இறக்கி, மீன் வளர்ந்து, ஒரு அறுவடையும் முடிந்த பிறகுதான் பல ஆய்வுகள் தொடங்குகின்றன. கூண்டுக்கு அடியில் சேறு எடுக்கிறார்கள், தண்ணீர் எடுக்கிறார்கள், ‘பெரிய பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். சரி, எதோடு ஒப்பிட்டு? என்னைக் கேட்டால், இந்தத் துறையின் பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியை விட்டுவிடுவதால் வருபவை.

2022-ல் உள்நாட்டு நீர்நிலைகளையும் கடலையும் சேர்த்து உலகில் வளர்த்தெடுத்த மீன், இறால், சிப்பி வகைகள் 9.4 கோடி டன். வளர்த்த அளவு பிடித்த அளவை முந்தியது அதுவே முதல்முறை. இவ்வளவு பெரிய தொழிலுக்கு அரைகுறை ஆய்வு வழிகாட்டக் கூடாது.

கூண்டு வருவதற்கு முன் ஒரு முழு ஆண்டாவது, பருவத்துக்குப் பருவம் மாதிரி எடுத்து வையுங்கள். கூண்டே இல்லாத ஒப்பீட்டு இடங்களும் வேண்டும். ஆழம், அடிமண், நீரோட்டம் மூன்றும் ஒத்துப்போகும் இரண்டு மூன்று இடங்கள் தேவை. ஒரே இடத்தை நம்பினால், அங்கே ஒரு புயல் அடித்தால் மொத்தக் கணக்கும் போச்சு. கூண்டின் கழிவை நீரோட்டம் எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பார்க்காமல், அதே பக்கத்தில் ஒப்பீட்டு இடத்தை வைப்பவர்களும் உண்டு. இரண்டு இடமும் கெட்டிருக்கும், வித்தியாசம் மட்டும் தெரியாது.

அந்த ‘முன்பு’ எந்த முன்பு என்பதும் முக்கியம். 1995-ல் மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி இதைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும், தான் வேலைக்கு வந்தபோது பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார். ஏற்கெனவே மீன் குறைந்துபோன கடல் அளவுகோலாகிவிடுகிறது.

அப்புறம், மாதிரி எண்ணிக்கை. இரண்டு தீவனம், தீவனத்துக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு 30 மீன் எடைபோட்டு ‘மாதிரி 60’ என்று எழுதுகிறார்கள். ஒரு கூண்டில் இருக்கும் 30 மீனுக்கும் ஒரே தண்ணீர், ஒரே நோய், ஒரே கை போடும் தீவனம். கணக்கில் வர வேண்டியது கூண்டு, மீன் அல்ல. அப்படிப் பார்த்தால் தீவனத்துக்கு மாதிரி ஒன்றுதான். சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-லேயே இதை விளக்கிவிட்டார். இன்னும் நடக்கிறது என்பதுதான் வருத்தம்.

கடலடிச் சேறும் ஏமாற்றும். தீவன மிச்சமும் கழிவும் அதிகம் விழும் இடத்தில் சேற்றை அள்ளித் தூக்கினால், கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை வாடையோடு வரும். சில நேரம் மேலே வெள்ளை நூல் போன்ற பாக்டீரியாப் படலம் இருக்கும். சல்லடையில் அலசினால் சிறுசிறு புழுக்கள் கொத்துக்கொத்தாக நெளியும். எண்ணினால் ஒப்பீட்டு இடத்தைவிட இங்கேதான் உயிர்கள் அதிகம்! ஆனால் பெரும்பாலும் எல்லாம் கேப்பிட்டெல்லா என்ற புழு. ஆக்சிஜன் குறைந்த சேற்றையும் தாங்குவது. மற்ற வகைகள் போய்விட்டிருக்கும். எத்தனை உயிர் என்று மட்டும் எண்ணினால் கெட்டுப்போன கடலடி செழிப்பாகத் தெரியும். வகை பிரிக்கத் தெரிந்தவரை முதல் நாளிலேயே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிப்பி ஒன்று நாளைக்கு 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது மிகச் சாதகமான நிலையில் வரும் உச்ச அளவு. வெப்பமும் உப்பும் கலங்கலும் மாறினால் அது வெகுவாகக் குறையும். உங்கள் இடத்தில் நீங்களே அளக்க வேண்டும்.

கூண்டைச் சுற்றி மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. தீவனத்திலுள்ள மீன்தூளும் மீன் எண்ணெயும் வேறொரு கடலில் பிடித்த சிறு மீன்களிலிருந்து வருகின்றன. சோயாவுக்கு மாறினால் சுமை நிலத்துக்கு இடம்பெயர்கிறது. கடல்பாசிக்கும் சிப்பிக்கும் தீவனமே போடுவதில்லை. இவை அனைத்தையும் ‘கடல் வளர்ப்பு’ என்ற ஒரே பெயரில் போட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

மீன்பிடிப்பைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கடலில் ஒதுக்கும் பாதுகாப்புப் பகுதிகளும் அப்படித்தான். மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1999-க்கும் 2009-க்கும் இடையே மீன்களின் மொத்த எடை 463% கூடியது. அங்கே உள்ளூர் மக்களே காவல் காத்தார்கள். ஆனால் 2014-ல் வெளியான ஆய்வொன்று 87 பாதுகாப்புப் பகுதிகளைப் பார்த்தபோது, அவற்றில் 59% மீன்பிடிக்கும் இடங்களிலிருந்து வேறுபடவே இல்லை. வரைபடத்தில் கோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. காவல் இருக்கிறதா, மீன்பிடிப்புக்கு முழுத் தடையா, எத்தனை வருடமாயிற்று என்பதையும் தரவில் சேருங்கள்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இழுவைக் கப்பல்களுக்குக் காட் மீன் கடைசிவரை நன்றாகவே கிடைத்தது. எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் திரண்டிருந்தன. கப்பல்கள் அங்கேயே போய் அள்ளின. அந்தப் பிடிப்பை நம்பி இருப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. மீன் குறைகிறது, சிறுத்துவிட்டது என்று கரையோர மீனவர்கள் 1980-களிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒப்பீட்டு இடங்களை முடிவுசெய்யும் முன், அந்தக் கடலில் வலை போடுபவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த மாதம் நீரோட்டம் திரும்பும், எந்த மீன் எப்போது வருவது நின்றது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.