கூட்ரோட்டில் திரும்பும் டவுன் பஸ்ஸை ஊருக்குள் கொண்டுவருவது எப்படி?

"எங்கள் ஊருக்குப் பஸ் வசதி செய்து தரவும்" என்று மொட்டையாக எழுதிய மனு பெரும்பாலும் "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலோடு நின்றுவிடும். புது வண்டி, புது டிரைவர், புது கண்டக்டர் கேட்பதாக அது ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, ஊர்ச் சாலை பிரியும் கூட்ரோடு வரை வந்து திரும்பும் டவுன் பஸ்ஸை உள்ளே நீட்டிக்கக் கேளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரூர், பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை என எந்தப் பக்கமானாலும் நடக்கக்கூடிய கோரிக்கை இதுதான்.

முதலில் கணக்குப் போடுங்கள். ஊர் 3 கி.மீ. உள்ளே இருந்தால் போக வர 6 கி.மீ. கிராமத்துச் சாலையில் மணிக்கு 25 கி.மீ. வேகம் என்றால் 15 நிமிடம், ஆட்கள் ஏறி இறங்க 5 நிமிடம், ஆக 20 நிமிடம். டீசல் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். டீசலைவிட அந்த 20 நிமிடம்தான் சிக்கல். எல்லா டிரிப்பும் உள்ளே வரவேண்டும் என்று கேட்டால், அந்த வண்டி நாளுக்கு ஒரு சிங்கிளாவது, அதாவது ஒருவழி நடையாவது, இழக்கும். அதே ரூட்டில் உள்ள மற்ற ஊர்கள் சண்டைக்கு வரும். காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்று, மாலையில் ஒன்று, இவ்வளவு மட்டும் கேளுங்கள். முடிந்தால் நைட் ஹால்ட் வண்டியைக் குறிவையுங்கள். ஊரிலேயே தங்கும் பஸ் என்றால் காலை முதல் டிரிப் உறுதி. ஆனால் டிரைவரும் கண்டக்டரும் படுக்க அறை, தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றை ஊர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அடுத்து ஆள் கணக்கு. திங்கள் முதல் சனி வரை ஒரு வாரம், காலை 7 முதல் 9 வரை கூட்ரோட்டுக்கு நடந்தோ பைக்கிலோ போகிறவர்களை எண்ணுங்கள். மாணவர், வேலைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரி, சந்தை என்று தனித்தனியாகக் குறியுங்கள். பெண்களை விட்டுவிடாதீர்கள். 2021 மே முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு இலவசம் என்றாலும், அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு கொடுக்கிறது.

மனு தள்ளுபடியாகும் இடம் பெரும்பாலும் சாலைதான். பஸ் நீளம் 11, 12 மீட்டர். ஒரே மூச்சில் திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் அகலமான இடம் வேண்டும். இல்லையென்றால் பின்னால் எடுத்துத் திருப்ப முச்சந்தியாவது இருக்க வேண்டும். கோயில் திடலோ பள்ளி மைதானமோ இருந்தால் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். சாலையைக் கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்கு இழுத்த சர்வீஸ் ஒயர்தான் வழக்கமாகத் தொங்கும்; மின்வாரியத்தில் சொல்லி ஆய்வுக்கு முன்பே ஏற்றிவையுங்கள். புளியமரக் கிளை, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், சாலையோரம் சரிந்த மண் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மலைப்பாதை என்றால் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணி எழுதுங்கள். பெரிய வண்டியால் முடியாத இடத்தில் நீளம் குறைந்த வண்டி கேட்க அது உதவும்.

மனு இப்படி இருக்கட்டும்: "கூட்ரோட்டுக்குக் காலை 7.40-க்கு வந்து திரும்பும் இந்த எண் டவுன் பஸ்ஸை 3 கி.மீ. நீட்டித்து எங்கள் ஊர் கோயில் திடலில் திருப்ப வேண்டுகிறோம். காலையில் 62 பேர் பயணம் செய்வார்கள்." எண்ணும் நேரமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கூடவே கிராம சபைத் தீர்மான நகல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம் உண்டு.

ஒரு பிரதி பணிமனை கிளை மேலாளருக்கு, ஒன்று தர்மபுரி மண்டலப் பொது மேலாளருக்கு. கிருஷ்ணகிரி மாவட்டப் பணிமனைகளும் இந்த மண்டலத்தில்தான் வருகின்றன. மூன்றாவது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம். வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் அவர்தான். வழித்தட அனுமதி அங்கேதான் மாறும். ரசீது எண்ணை வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில், "மனு எந்த நிலையில் உள்ளது, ஆய்வு அறிக்கை நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மினி பஸ்ஸுக்கு இரண்டாவது இடம்தான் கொடுப்போம். அது தனியார் வண்டி, பெண்களுக்கு இலவசம் கிடையாது. அரசு பஸ்ஸே போகாத தூரம் அதிகம் என்றால் மட்டும் அதைக் கேளுங்கள்.

பஸ் வந்த பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். இலவசப் பயணம்தானே என்று டிக்கெட் வாங்காமல் இறங்காதீர்கள்; ஆள் ஏறியதற்கு அந்தச் சீட்டுதான் கணக்கு. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லுக்கும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கும் சிறப்பு பஸ் விடும் நாட்களில் உங்கள் டிரிப் வந்ததா என்று பாருங்கள். வராத நாளை, தேதியும் நேரமுமாக டீக்கடை நோட்டில் எழுதிவைத்து, மாதம் ஒருமுறை கிளை மேலாளரிடம் காட்டுங்கள்.