கோத்தகிரிக்கு கேமராவோடு கிளம்பும் முன்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். ஒரு கூட்டம் சொந்த ஊருக்குப் போயிருக்கும், இன்னொரு கூட்டம் மலைக்கு. எங்களுக்கு இரண்டும் ஒரே பயணம்தான். சித்தி வாக்கப்பட்டது கோத்தகிரி பக்கம். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் அது. அதனால் மே மாதம் என்றால் எங்கள் காரில் கேமராப் பையும் காசிமேட்டுக் கருவாட்டுப் பொட்டலமும் சேர்ந்தே ஏறும். இரண்டையும் ஒட்டி வைத்தது என் முதல் தவறு. அந்த வருஷம் தீபாவளி வரைக்கும் கேமரா பட்டையில் நெத்திலி மணத்தது.

அடுத்தது கிளம்பும் நேரம். “நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளும் காலை நேர நெரிசலும் சேர்ந்தால், வடசென்னையைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். கோத்தகிரி இங்கிருந்து சுமார் 550 கிலோமீட்டர். ஏழு மணிக்குக் கிளம்பினால் மேட்டுப்பாளையத்தில் பொழுது சாய்ந்திருக்கும். பழக்கமில்லாத மலைப்பாதையில் இருட்டிலும் மூடுபனியிலும் ஏற வேண்டி வரும். முந்தின நாள் எட்டு மணிக்கே படுத்து, விடியற்காலை மூன்றுக்குக் கிளம்புவதுதான் சரி. மூலக்கடை, மாதவரம் வழியாக பைபாஸைப் பிடித்து மதுரவாயல் வந்துவிட்டால், அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், வேலூர், கிருஷ்ணகிரி, சேலம், அவிநாசி என்று நேர் ரோடு. டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மலைக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதியான இ-பாஸை மறப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு எண்ணிக்கையே வைத்தார்கள்: வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. “ஊட்டிக்குப் போகவில்லை, சித்தி வீட்டுக்குத்தான் போகிறோம்” என்று சோதனைச் சாவடியில் சொல்லிப் பயனில்லை. விதி வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மலையில் தடை, எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை விடுவார்கள். அப்போது கூடுதலாக ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

இதெல்லாம் சில்லறைத் தவறுகள். பெரிய தவறு வேறே. படம் எடுப்பதையும் சொந்தக்காரர்களைப் பார்ப்பதையும் ஒரே நேரத்தில் போட்டு, இரண்டையும் கெடுத்துக்கொள்வது.

நான் முதல் தடவை போனபோது சாயங்காலம் நாலு மணி. பையை வைத்தேனோ இல்லையோ, கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். சித்தி டீ டம்ளரோடு நின்றார். “வந்ததும் வராததுமா எங்கடா ஓடுற? மலை எங்க போயிடப் போவுது?” நான் கேட்கவில்லை. ஓட்டமும் நடையுமாக மேட்டுக்குப் போனால், கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம். எடுத்த நாற்பது படமும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தன. திரும்பி வந்தபோது டீயில் ஆடை கட்டியிருந்தது.

கோடையில் மலையின் கணக்கு இதுதான். சமவெளியிலிருந்து எழும் தூசியும் ஈரமும் சேர்ந்து பத்து மணிக்கு மேல் தூரத்து மலையை வெளுக்க வைத்துவிடும். மதியத்துக்கு மேல் மேகம் திரளும், பல நாள் இடியோடு மழையும் பெய்யும். அந்தக் கோடை மழையைத் திட்டாதீர்கள். காற்றில் இருக்கும் தூசியைக் கழுவிவிடுவது அதுதான். மழை பெய்த மறுநாள் விடியற்காலையில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏழெட்டு மலை வரிசை நீலத்தில் நிற்கும். மே மாதத்தில் சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும். ஐந்தரைக்கு வெளியே போங்கள், எட்டு மணிக்குள் வேலையை முடியுங்கள். அதன் பிறகு நாலு மணி வரைக்கும் கேமராவுக்கு வேலை இல்லை. அந்த நேரம் முழுக்க சித்திக்கு, மாமாவுக்கு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. ஒரே நாளில் மூன்று வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடாமல் விடமாட்டார்கள்.

படம் எடுப்பதில் அடிக்கடி பார்க்கும் பிழைகளில் முதலாவது, மலை முழுவதும் படத்துக்குள் வர வேண்டும் என்று அகலமான லென்ஸைப் போடுவது. நேரில் வானத்தை முட்டிய மலை படத்தில் எறும்புப் புற்றாகிவிடும். நூறு, இருநூறு மில்லிமீட்டர் ஜூமில் ஒரு துண்டை மட்டும் எடுத்தால் மலை வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல நெருங்கி வரும். போனில் எடுப்பவர்கள் தனி ஜூம் லென்ஸ் இருக்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் படம் குழைந்துவிடும்.

இரண்டாவது, மூடுபனி. கேமராவை ஆட்டோ மோடில் விட்டு எடுத்தால் அது அழுக்கு வேட்டி நிறத்தில்தான் வரும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடும். அதற்குப் பனியின் வெள்ளையைத் தெரியாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டிவையுங்கள். போன் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும்.

தேயிலைத் தோட்டம் யாருடையது என்று கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், விடியற்காலையில் அங்கே காட்டுமாடு நிற்கும். செடிகளுக்கு நடுவே பாறை என்று நினைத்து நான் ஃபோகஸ் செய்த ஒன்று, மெதுவாகக் காதை ஆட்டியது. சத்தம் போடாமல் பின்னாலேயே நடந்து வந்து காரில் உட்கார்ந்தேன். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பது அதைவிட மோசமான பழக்கம். சித்தி இருபது வருஷம் கொழுந்து பறித்தவர். “கூடையோட ஒருத்தி நின்னா போதும், காரை நிறுத்திப் படம் புடிச்சுட்டுப் போயிடுவாங்க. பேர்கூட கேக்கமாட்டாங்க” என்று ஒரு நாள் சொன்னார். அதிலிருந்து நான் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். சிலர் வேண்டாம் என்பார்கள், சரி என்று வந்துவிடுவேன்.

கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். இதற்கு விளக்கமே வேண்டாம்.

இறங்கும்போது செய்யும் தவறுதான் ஆபத்தானது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 330 மீட்டரை ஒட்டி. அவ்வளவு இறக்கத்தையும் பிரேக்கிலேயே இறங்க முடியாது. போன வருஷம் மச்சான்தான் ஓட்டினார். நாலாவது கியரில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் ரப்பர் கருகுகிற மாதிரி வாசம். பிரேக் பெடல் பஞ்சு போல உள்ளே போனது. அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டோம். அவசரத்தில் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் இருக்கும் பிரேக் டிஸ்க் வளைந்துவிடும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் கணக்கு. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். குறுகலான இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவர்தான். சட்டமும் அதையே சொல்கிறது.

கடைசியாக ஈரம். குளிரில் படம் எடுத்துவிட்டு நேராகச் சித்தியின் அடுக்களைக்குள் நுழைந்தால், சோறு கொதிக்கும் ஆவியில் லென்ஸ் வெள்ளையாகிவிடும். துடைக்கத் துடைக்க மறுபடியும் பூக்கும். குளிரிலிருந்து வெப்பத்துக்கு வரும்போது கேமராவைப் பையில் போட்டு, ஜிப்பை மூடி, அரை மணி நேரம் சும்மா விடுங்கள். ராயபுரத்தில் வந்து இறங்கியதும் இதே கதைதான், இங்கே கடல் காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினால் அடுத்த கோடையில் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருக்கும். அரிசி டப்பாவுக்குள் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அரிசித் தூசி ஜூம் வளையத்துக்குள் போய்விடும். மூடி இறுகும் ஒரு டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து, அவ்வளவுதான் செலவு. கருவாடு வைத்த டப்பாவாக மட்டும் இருக்க வேண்டாம்.