பழைய எம்டிபி சைக்கிளைத் தினசரி ஓட்டத்துக்கும் டூருக்கும் தயார் செய்வது

பெங்களூரில் எந்த அபார்ட்மென்ட் பேஸ்மென்டுக்குப் போனாலும், தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி, தூணோடு சங்கிலி போட்டுக் கட்டிய பழைய எம்டிபி (மவுன்டன் பைக்) ஒன்றாவது கண்ணில் படும். அசோசியேஷன்காரர்கள் நோட்டீஸ் ஒட்டி ஒருநாள் அதையெல்லாம் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல ஃபிரேம் ஒன்று அப்படிப் போனால் எனக்கு மனசே ஆறாது. ஏனென்றால் இந்த ஊர் ரோட்டுக்கும், ஓசூர் தாண்டிப் போகிற டூருக்கும் அதைவிடப் பொருத்தமான சைக்கிள் இன்று புதிதாக வாங்கப்போனாலும் சுலபமாகக் கிடைக்காது.

எதை எடுப்பது? 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் வந்ததிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த எம்டிபிகளில் பெரும்பாலானவை எஃகு ஃபிரேம், முன்னால் ஷாக் இல்லாத ஃபோர்க். பின்பக்கம் நீளமாக இருப்பதால் கேரியரில் பை மாட்டினாலும் குதிகால் இடிக்காது, தடித்த டயருக்கும் மட்கார்டுக்கும் இடம் உண்டு, ஆக்ஸில் பக்கத்தில் கேரியர் திருகுவதற்கு ஓட்டையும் பெரும்பாலும் இருக்கும். எஃகுதானா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். குழாயில் குரோமோலி (உறுதியான கலப்பு எஃகு), அல்லது டாங்கே, ரெனால்ட்ஸ் போன்ற குழாய் கம்பெனிப் பெயர் என்று ஸ்டிக்கர் இருந்தால் தயங்காமல் எடுங்கள். முன்னும் பின்னும் ஷாக் வைத்த மலிவு சைக்கிளை விட்டுவிடுங்கள், அதில் போடுகிற பணமும் நேரமும் வீண்.

காசு கொடுக்கும் முன் ஃபிரேமைப் பாருங்கள். ஹேண்டில் குழாய்க்குக் கொஞ்சம் பின்னால், கீழ்க் குழாயின் அடியில் விரலை ஓட்டினால் பெயின்ட் சுருக்கமோ புடைப்போ தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் எதிலோ நேராக மோதிய சைக்கிள், வேண்டாம். அப்புறம் ஒரு நூலை எடுத்து, பின் ஆக்ஸில் உட்காரும் இடத்தில் ஒருபக்கம் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் ஃபிரேம் கோணியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சீட் போஸ்டையும் ஹேண்டில் ஸ்டெம்மையும் அசைத்துப் பார்ப்பது. பலருடைய வேலை இங்கேதான் நின்றுபோகிறது. எஃகுக் குழாய்க்குள் அலுமினியம் போஸ்ட் வருடக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் இருந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். சுத்தியலை எடுக்காதீர்கள். கிளாம்ப் போல்ட்டைக் கழற்றிவிட்டு, துரு இளக்கும் ஆயிலை மேலிருந்து விடுங்கள், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கீழிருந்தும் விடுங்கள், ஓரிரு நாள் அப்படியே ஊறட்டும். பிறகு தேவையில்லாத ஒரு பழைய சீட்டைப் போஸ்டில் இறுக்கி, அதையே கைப்பிடியாக வைத்து இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அசையவே இல்லையா, போஸ்டின் மேல் ஐஸ் வையுங்கள். சூட்டில் எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும், குளிரில் அதிகம் சுருங்கும், அதனால் வெந்நீர் ஊற்றினால் இன்னும் இறுகத்தான் செய்யும். ஸ்டெம் கழற்றும்போது மேல் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தி அதன் தலையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். இரண்டையும் திரும்பப் போடும்போது கிரீஸ் தடவாமல் போடவே போடாதீர்கள்.

அடுத்தது முழு ஓவராயில். இடது பெடலும், பிபி (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும்) வலது கப்பும் தலைகீழ் மரை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் (பிபி கப் விஷயம் பிஎஸ்ஏ என்கிற மரை வகைக்கு மட்டும், ஆனால் பெரும்பாலான எம்டிபிகளில் அதுதான் இருக்கும்). கிராங்க் கழற்ற புல்லர் வாங்கிவிடுங்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ் பேசுகிற மெக்கானிக்குகள் உண்டு, ஒரு கருவிக்காக மட்டும் போனாலும் நின்று சொல்லிக்கொடுப்பார்கள். பேரிங் குண்டுகளை டீசலில் கழுவித் திரும்பப் போடாதீர்கள், புதுசே மலிவுதான். வழக்கமாக முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 இன்ச். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 குண்டு, 1/4 இன்ச். கோனில் (குண்டுகள் உருளும், ஆக்ஸிலில் திருகிய கூம்பு நட்டு) அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் விழுந்திருந்தால் கோனையும் மாற்றுங்கள். குயிக் ரிலீஸ் ஆக்ஸில் என்றால், கையில் பிடித்துப் பார்க்கும்போது துளி ஆட்டம் இருக்கும்படி கோனை நிறுத்துங்கள். ஃபிரேமில் மாட்டி லீவரை இறுக்கும்போது அந்த ஆட்டம் போய்விடும்.

பணத்தைச் சக்கரத்திலும் பிரேக்கிலும் போடுங்கள், பெயின்டில் அல்ல. பழைய ரிம் குரோம் பூசிய எஃகாக இருந்தால் அலுமினியம் ரிம்முக்கு மாற்றுங்கள். மழையில் எஃகு ரிம்மில் பிரேக் பிடிக்காது, நம்ம ஊரில் சாயங்கால மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டயர் வாங்கும்போது 26 இன்ச் என்று மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். எம்டிபி ரிம்முக்கு டயர் பக்கவாட்டில் 559 என்று போட்டிருக்க வேண்டும். 26 x 1 3/8 என்பது 590, அது உட்காராது. 1.75 அல்லது 2.0 அகலத்தில் பொத்தான் இல்லாத வழுக்கை டயர் போட்டால் சைக்கிளின் குணமே மாறிவிடும். இந்த அளவு டியூப் சின்ன ஊர் கடைகளிலும் கிடைக்கும் என்பது டூர் போகும்போது பெரிய நிம்மதி. கார் வால்வு டியூப் வாங்கினால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம்.

கான்டிலீவர் பிரேக்கை (இரண்டு கைகளையும் நடுக் கேபிள் ஒன்று மேலே இழுக்கும் பழைய வகை) நன்றாக செட் பண்ணினால் தாராளமாகப் போதும், ஆனால் செட் பண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். 1996 வாக்கில் ஷிமானோ கொண்டுவந்த வி-பிரேக் ஃபோர்க்கிலும் ஃபிரேமிலும் இருக்கும் அதே குமிழ்களில் மாட்டும், வேலையும் சுலபம். மாற்றினால் லீவரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய லீவர் இழுக்கும் கேபிள் நீளம் வி-பிரேக்குக்குப் போதாது. கல்லாகிப்போன பிரேக் கட்டையைத் தூக்கிப் போடுங்கள். புது கட்டையின் முன் ஓரம் ஒரு மயிரிழை முதலில் தொடும்படி வைத்தால் கீச்சு வராது. கேபிள், அவுட்டர் எல்லாம் புதுசு.

கியரில் அதிகம் கை வைக்க வேண்டாம். கட்டைவிரலால் தள்ளுகிற பழைய ஷிஃப்டர் இருந்தால் அதிர்ஷ்டம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ரேபிட்ஃபயர் ஷிஃப்டர் (ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு லீவர் வைத்த வகை) கிளிக் ஆகவில்லையென்றால் உள்ளே கிரீஸ் இறுகிப்போயிருக்கும், டபிள்யூடி-40 தாராளமாக அடித்துக் கிளிக் பண்ணிக்கொண்டே இருங்கள், பெரும்பாலும் உயிர் வந்துவிடும். செயினை ஸ்கேல் வைத்து அளங்கள்: ஒரு கண்ணி ஆணியின் நடுவில் ஸ்கேலை வைத்தால், சரியாக 12 இன்ச்சில் இன்னொரு ஆணியின் நடு வர வேண்டும். 1/16 இன்ச் தள்ளியிருந்தால் செயின் மட்டும் போய்விட்டது, 1/8 தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் (பின் சக்கரப் பல்சக்கரங்கள்) போய்விட்டது. ஃப்ரீவீல் மாற்றுவதென்றால் 14–34 பல் உள்ளது போடுங்கள், மூட்டையோடு ஏற்றம் ஏறும்போது அந்த 34-இன் அருமை தெரியும்.

அந்தக் கால எம்டிபியில் குனிந்துதான் உட்கார வேண்டியிருக்கும். உயரமான ஸ்டெம்மும், பின்னால் வளைந்து வரும் ஹேண்டில் பாரும் போட்டால் முதுகு நிமிரும். குறைந்தது எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஸ்டெம்மில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரியும்படி மட்டும் தூக்காதீர்கள். கேரியர் எஃகில் வாங்குங்கள், எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம். கனமான சாமானைப் பைகளின் அடியில் வையுங்கள்.

முதல் டூருக்கு நேராக தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் என்று கிளம்பாதீர்கள். அருமையான பாதைதான், ஆனால் காட்டு வழி, யானை நடமாட்டம் உண்டு, பகலில் மட்டுமே போக வேண்டும், நடுவில் ஏதாவது கழன்றால் கடை கிடையாது. முதலில் முழு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிறு காலை தளி வரை போய்த் திரும்புங்கள். வந்ததும் கிராங்க் போல்ட் இரண்டையும் மறுபடி இறுக்குங்கள், தளர்ந்தபடியே ஓட்டினால் கிராங்கின் சதுர ஓட்டை உருண்டுபோய் அந்தக் கிராங்கையே தூக்கிப்போட வேண்டிவரும். போக்ஸ் கம்பிகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பார்த்து, தளர்ந்தது இருந்தால் கோட்டம் எடுக்கக் கொடுத்துவிடுங்கள்.