கார்டு வேண்டாம், ரொக்கமே போதும் என்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் வரும் தை, மாசி மாதங்களில் டெல்டாவின் பேங்க் வாசல்களில் கூட்டம் நெரியும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைக்கான பணத்தை இப்போது கையில் தருவதில்லை, விவசாயியின் கணக்கிலேயே ஏற்றிவிடுகிறார்கள். ஏறிய மறுநாளே மொத்தத்தையும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று துடிப்பவர்கள் மன்னார்குடிப் பக்கமும் உண்டு, மயிலாடுதுறைப் பக்கமும் உண்டு. ஏன் என்று கேட்டால், “கார்டுன்னாலே பயமா இருக்கு. எவனோ எங்கேயோ உட்கார்ந்துகிட்டு உருவிடறான். ரொக்கமா இருந்தா நம்ம காசு நம்மகிட்ட” என்பார்கள்.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. டெபிட் கார்டில் போகும் பணம் நம் சேமிப்பிலிருந்து அப்போதே போய்விடுகிறது. மளிகை, காய்கறி, டவுன் பஸ், மருந்துக்கடை என்று அன்றாடச் செலவுக்குக் காசு வைத்துக்கொண்டு, கார்டைக் கண்ட இடத்தில் நீட்டாமல் இருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ரொக்கத்துக்கு மாறும் அவசரத்தில் நம்மவர்கள் செய்யும் சில தவறுகள், கார்டால் வரும் நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடுகின்றன. கணக்கிலிருந்து திருடுபோன பணத்தைத் திரும்பக் கேட்க விதிமுறை இருக்கிறது. கையிலிருந்து போன ரொக்கத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, போலீஸ் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் உண்டு.

ஏடிஎம்மில் அடுத்தவர் கையில் கார்டைக் கொடுப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ரொக்கம் மட்டுமே போதும் என்பவரும் அந்த ரொக்கத்தை எடுக்க ஏடிஎம்முக்குத்தான் போகிறார். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலைக் கூலி என்று எல்லாமே கணக்குக்கு வந்துவிட்ட காலம். மாதம் ஒருமுறை மட்டும் மிஷின் முன்னால் நிற்பவருக்கு அது பழகுவதே இல்லை. அவரைத்தான் திருடன் தேடி வருகிறான்.

நடப்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் இப்படி இருக்கும். ஒரு அம்மா கார்டை எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியாமல் தடுமாறுகிறார். பின்னால் நிற்கும் பையன், “குடுங்கம்மா, நான் எடுத்துத் தரேன்” என்கிறான். பேச்சில் மரியாதை, தோற்றத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்டைப் போட்டு, “நம்பர் சொல்லுங்கம்மா” என்று கேட்கிறான், அல்லது அவரையே அழுத்தச் சொல்லிவிட்டு விரலைக் கவனிக்கிறான். “மிஷின்ல பணம் வரலைம்மா, வேற ஏடிஎம் போய்ப் பாருங்க” என்று கார்டைத் திருப்பிக் கொடுக்கிறான். கொடுப்பது வேறு கார்டு. பேங்கும் அதே பேங்க், நிறமும் அதே நிறம். அந்த அம்மா அதைப் பர்ஸில் வைத்து முந்தானையில் சொருகிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அசல் கார்டு இன்னொரு ஊர் மிஷினுக்குள் போயிருக்கும்.

பேங்கில் உடனடியாகக் கொடுக்கும் கார்டுகள் பலவற்றில் பெயர்கூட இருக்காது, அதனால் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. கடைசி நான்கு எண்களை மனப்பாடம் செய்து வைப்பது நல்லது. எண் நினைவில் நிற்காதவர்களுக்கு, கார்டின் முன்பக்க மூலையில் அழியாத மையால் ஒரு சின்ன அடையாளம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். 2018 முடிவோடு காந்தப் பட்டை மட்டும் இருந்த பழைய கார்டுகளுக்குப் பதில் சிப் கார்டுகள் வந்துவிட்டன, சிப்பை நகலெடுப்பது லேசில்லை. ஆனால் அசல் கார்டும் பின் நம்பரும் சேர்ந்தே ஒருவன் கைக்குப் போய்விட்டால் சிப்பால் என்ன செய்ய முடியும்?

ஏடிஎம் பழகாதவர்களுக்கு ஏடிஎம்மே வேண்டாம் என்பது என் கருத்து. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்க் நேரத்தில் போய், பணம் எடுக்கும் படிவம் எழுதிக் கேஷியரிடம் வாங்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் பேங்க் ஊழியரிடம் கேட்கட்டும், வாசலில் நிற்பவரிடம் வேண்டாம். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாலும் பரவாயில்லை. மிஷினில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் வீட்டு ஆள் கூட வர வேண்டும். கணக்கில் பணம் கழிந்து மிஷினில் நோட்டு வரவில்லை என்றாலும் பதற வேண்டாம். 5 நாட்களுக்குள் அது தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் பேங்க் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2019-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. மிஷினில் வந்த சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பேங்கில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு “என்னன்னு பாருப்பா” என்று கார்டை நீட்டாதீர்கள்.

பேங்க் வாசலிலிருந்து வீடு வரை

நகைக் கடன் பணமோ நெல் பணமோ, மொத்தமாக எடுத்து மஞ்சள் பையில் போட்டு பைக் பெட்டியில் வைத்துப் பூட்டுவது அடுத்த தவறு. அந்தப் பெட்டியின் பூட்டு ஒரு ஸ்குரூ டிரைவருக்குத் தாங்காது. பேங்குக்குள் நாம் எண்ணும்போதே பார்த்து வைத்துக்கொண்ட ஆள் பின்னாலேயே வருவான். வழியில் உரக்கடையிலோ டீக்கடையிலோ வண்டியை நிறுத்தும் அந்த ஐந்து நிமிஷம் அவனுக்குப் போதும். நிறுத்தாமல் போனாலும், “சார், காசு கீழே விழுந்துடுச்சு பாருங்க” என்பான். ரோட்டில் நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகள் கிடக்கும். இல்லையென்றால் சட்டையில் எதையோ தெளித்துவிட்டு, “அழுக்கு பட்டிருக்கு சார், தண்ணி தரேன்” என்று இன்னொருவன் வருவான். குனிந்தால் பை போய்விடும். பழைய தந்திரம்தான், இன்றைக்கும் பலிக்கிறது.

பணம் எடுக்கும் நாளில் தனியாகப் போகாதீர்கள். உள்ளேயே எண்ணி முடித்து, உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போங்கள், மற்ற வேலைகளை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அதைவிட, அவ்வளவு பணத்தை எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். எடுத்த பணத்தில் பாதியை அன்றைக்கே உரக்கடைக்கும் அறுவடை மிஷின்காரருக்கும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பேங்க் கவுண்டரிலேயே படிவம் எழுதி அவர்கள் கணக்குக்கு நெஃப்ட்டில் அனுப்பிவிடலாம், செக்கும் கொடுக்கலாம். இதற்குக் கார்டும் வேண்டாம், ஸ்மார்ட்போனும் வேண்டாம், ஓடிபி சொல்லும் வேலையும் இல்லை. கார்டுக்குப் பயந்தவர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

வீட்டில் கட்டுக்கட்டாக அடுக்குவது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அதன் பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களிடம் ரொக்கத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கரண்டும் டவரும் போனால் ஏடிஎம்மும் இல்லை, கார்டு மிஷினும் இல்லை. ஆகவே வீட்டில் கொஞ்சம் பணம் இருக்கத்தான் வேண்டும். இரண்டு வாரக் குடும்பச் செலவுக்கு ஆகும் அளவு, அதுவும் 100, 200 நோட்டாக வைத்திருந்தால் போதும் என்பேன்.

அதற்கு மேல் போனால் ஆபத்து. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, பேரனுக்குக்கூடத் தெரியாமல் அரிசிப் பானையில் சேர்த்து வைத்திருந்த பாட்டிகள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. 2023 மே 19-இல் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அந்தாண்டு அக்டோபர் 7-க்குப் பிறகு அதைப் பக்கத்துப் பேங்கில் மாற்ற முடியாது. சென்னை போன்ற ஊர்களில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போக வேண்டும், அல்லது தபாலில் அனுப்ப வேண்டும். அப்புறம் நம் ஊர் ஈரமும் கரையானும் வேறு. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டு அரித்துப் போனால், மிச்சமிருக்கும் ஒரே துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழு மதிப்பு கிடைக்கும். 40-லிருந்து 80 வரை பாதி மதிப்பு, அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை. அதே பணம் பேங்கில் இருந்தால், அந்தப் பேங்கே மூழ்கினாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

கார்டைப் பீரோவில் உயிரோடு விட்டுவிடுவது

“நான்தான் கார்டே பயன்படுத்துறதில்லையே” என்பவரின் கார்டு, பின் நம்பர் எழுதிய கவரோடு பீரோவில் கிடக்கும். பயன்படுத்தாவிட்டாலும் அது உயிரோடுதான் இருக்கிறது. வேண்டாம் என்றால் பேங்கில் எழுதிக் கொடுத்து முடக்கிவிடுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் தேவை என்றால், 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த வசதி ஒன்று இருக்கிறது. ஆன்லைன், வெளிநாடு, தட்டினால் பணம் போகும் முறை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தி வைக்கலாம், எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பும் போடலாம். தட்டும் முறையில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே போகும் என்பதால் முதலில் அதை நிறுத்துங்கள். பெரிய தொகை இருக்கும் கணக்குக்குக் கார்டே வாங்காமல், சின்னக் கணக்கு ஒன்றைத் திறந்து அதற்கு மட்டும் கார்டு வைத்துக்கொண்டாலும் சரி.

கணக்கில் இருக்கும் மொபைல் எண்ணைக் கவனிக்காமல் விடுவதும் இதோடு சேர்ந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் செயலிழந்து கிடந்தால், பணம் போன எஸ்எம்எஸ் நமக்கு வரவே வராது.

கார்டே இல்லாவிட்டாலும் ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். ஊரில் கைரேகை மிஷின் வைத்துப் பணம் கொடுப்பவரிடம் ஒவ்வொரு முறையும் சீட்டு கேட்டு வாங்குங்கள். “சர்வர் இல்லை, இன்னொரு தடவை வைங்க” என்றால் முதல் தடவைக்கும் சீட்டு கேளுங்கள். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டினால் ரேஷன் கடைக்குப் போகும் நாளில் திறந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சீட்டில்லாமல் பெரிய தொகை கொடுப்பது

மனை அட்வான்ஸ், டிராக்டர் பாக்கி என்று கைமாறும் ரொக்கத்துக்கு எழுத்து இல்லாவிட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வழியில்லை. தெரிந்தவர்தானே என்று விடுவதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஒருவர் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017-லிருந்து வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். மாட்டு வியாபாரிகளும் நெல் வியாபாரிகளும் ஒவ்வொரு தேர்தலிலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பணம் எடுத்த சீட்டும் பதிவு போட்ட பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும்.

வாங்கும் நோட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 500 ரூபாய் நோட்டைச் சாய்த்தால் நடுவில் ஓடும் இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். இரண்டு ஓரத்திலும் ஐந்து ஐந்து கோடுகள் விரலில் தட்டுப்படும். கள்ளநோட்டு என்று தெரிந்தால் பேங்க் அதை முத்திரை குத்தி எடுத்துக்கொள்ளும், பதிலுக்குப் பணம் தராது. தெரிந்துகொண்டே அதை இன்னொருவர் தலையில் கட்டுவது குற்றம்.

பணம் போனபின் பேசாமல் இருப்பது

வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் மறைப்பவர்கள் நிறையப் பேர், முக்கியமாகப் பெரியவர்கள். அந்த இரண்டு நாளின் மதிப்பு அவர்களுக்குத் தெரிய வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, நம் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியில் பணம் போயிருந்தால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் பேங்குக்குச் சொன்னால் நமக்கு நஷ்டமே இல்லை. 4-லிருந்து 7 வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்காரர் அதிகபட்சம் 10,000 ரூபாய் ஏற்க வேண்டியிருக்கும். பின் நம்பரை நாமே சொல்லிவிட்டால் கதை வேறு, பேங்குக்குச் சொல்லும் வரை போன பணம் முழுக்க நம் நஷ்டம்தான். சொன்ன பிறகு போவது பேங்கின் பொறுப்பு. ஏடிஎம்மில் கார்டு மாறிய அந்த அம்மாவுக்கு அதனால்தான் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

எனவே முதல் போன் கார்டை முடக்க, கார்டின் பின்புறம் இருக்கும் பேங்க் எண்ணுக்கு. கார்டே கையில் இல்லாதபோது அந்த எண்ணும் இருக்காது, ஆகவே இன்றைக்கே பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்தது 1930, இணைய நிதி மோசடிக்கான உதவி எண். பிறகு கிளையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்குங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குச் செலவில்லாமல் எழுதலாம், விவரம் கேட்க 14448-க்குப் போன் செய்யலாம். அங்கே முதலில் கேட்பது பேங்கில் கொடுத்த அந்தப் புகாரின் நகலைத்தான்.