குழியில் எடுத்த கல்லைப் பொறுப்போடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் நீலக்கல்லும் புஷ்பராகமும் வைடூரியமும் பெரும்பாலும் சிறு குழிகளிலிருந்தே கிடைக்கின்றன. மரச்சட்டங்களால் பக்கங்களைத் தாங்கி, ஊறும் நீரை இறைத்து, கல் தங்கியிருக்கும் சரளைப் படிவுவரை தோண்டி, அந்தச் சரளையைக் கூடைகளில் இட்டு அரித்துப் பார்க்கும் இவ்வேலையில், பல மாதங்கள் விலைபோகும் கல் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். இடைத்தரகரை விலக்கிவிட்டாலே தோண்டுபவருக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று எண்ணுவதுதான் நல்லெண்ணத்தோடு வாங்க வருவோர் செய்யும் பெரிய தவறு. குழியில் இறங்குவோரில் பலர் கூலிக்காரர் அல்லர், பங்குக்காரர்கள். விற்ற பணம் நிலத்துக்காரர், உரிமம் பெற்றவர், இறைப்பு இயந்திரத்தின் சொந்தக்காரர், முதல் போட்டவர், தோண்டியவர்கள் எனப் பிரிகிறது. கல் கிடைக்காத நாட்களில் சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் பணம் கொடுப்பவர் முதல் போட்டவரே. இடைத்தரகர் என்று அவரையும் ஒதுக்க நினைப்பவர் அந்தச் சுமையைத் தாம் ஏற்க வேண்டும். இயலாவிட்டால், கல் என்ன விலைக்குப் போயிற்று என்பது தோண்டியவர்களுக்குத் தெரிகிறதா என்றாவது கேட்க வேண்டும். என் பார்வையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

உரிமத்தைப் பார்த்ததும் திருப்தியடைவது அடுத்த தவறு. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் குறிப்பிட்ட நிலத்தில் தோண்டுவதற்கான அனுமதியே தவிர, கையிலுள்ள கல் அந்தக் குழியில்தான் பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. சந்தைக்கு வந்ததும் கற்கள் கலந்துவிடுகின்றன. 1990களின் இறுதியில் மடகாஸ்கரின் இலக்காக்காவில் நீலக்கல் கண்டெடுக்கப்பட்டபின் அங்கிருந்து வாங்கிய கற்களும் இலங்கையில் பட்டை தீட்டப்படுகின்றன. ஆய்வகம் எந்த நாட்டுக் கல் என்று கருத்துச் சொல்லலாம்; எந்தக் குழி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்ல முடியாது. ஆகவே கல் முதன்முறை கைமாறுவதற்கு முன்பே, குழியருகிலேயே தேதியையும் எடையையும் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஆயுத மோதல்களுக்குப் பணம் தரும் வைரங்களைத் தடுக்க 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றிதழ் முறையை நிறக்கற்களுக்கு ஆதாரமாகக் காட்டுவோரை நம்ப வேண்டாம். அது பட்டை தீட்டாத வைரத்துக்கு மட்டுமே உரியது.

நிறத்தை மேம்படுத்தக் கல்லைச் சூடேற்றும் விவரத்தைக் கேளாமல் விடுவதும் தோண்டுபவரையே பாதிக்கிறது. நீலக்கல் இனத்தைச் சேர்ந்த, பால்போல் மங்கிய கெவுடா கற்கள் ஒரு காலத்தில் ஏறக்குறைய மதிப்பற்றவையாகக் கிடந்தன. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை உயர் வெப்பத்தில் சூடேற்றி நீலமாக்கத் தொடங்கியபோது, அந்த மதிப்பு உயர்வின் பெரும்பகுதி குழிக்குத் திரும்பவில்லை. கெவுடா வாங்குபவர் அது எதற்காக வாங்கப்படுகிறது என்பதை விற்பவரிடம் மறைக்காமல், சூடேற்றியபின் கிடைக்கக்கூடிய மதிப்பையும் கருதி விலை பேசுவதே முறை.

குறை கண்டவுடன் வாங்குவதையே நிறுத்திவிடுவதும் தவறுதான். கட்டாய உழைப்பு போன்ற கொடுமை தெரிந்தால் உடனே விலக வேண்டும். ஆனால் கைவிட்ட குழி மூடப்படாமல் நீர் தேங்கிக் கிடக்கிறது என்றால், மூடுவதற்குக் காலக்கெடு வைத்து, அதற்கான செலவில் ஒரு பகுதியை விலையில் சேர்த்துக் கொடுத்து, தொடர்ந்து வாங்கலாம். விலகிப்போனால் குழி அப்படியே கிடக்கும், கல்லும் கேள்வி கேட்காத வேறொருவரிடம் போகும்.